தினமும் ஒன்றரை மணித்தியாலம்

"ஏழு முப்பத்தொண்டு" என்று சொல்லிப் படலையைச் சாத்தினாள் அம்பிகை. கொழுக்கியையும் போட்டாள்.

நிலக்ஷன் வேலைப் பையோடு உள்ளே நின்றான். அன்று திங்கட்கிழமை. திங்களில் ராகு காலம் ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும். ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் போகும் படகு எட்டு மணிக்கு வெளிக்கிடும்.

"ஒரு நிமிசம்தானேம்மா பிந்தினது."

"போன வருசம் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இன்ரவியூவுக்குப் போனனீ. அதென்ன ஒரு நிமிசமே? நடு ராகு காலம். வேலை கிடைச்சதே?"

கிடைக்கவில்லை. அவனுக்கு வயது இருபத்தேழு. நன்னீர்த் திட்டம் ஒன்றில் ஒப்பந்த உத்தியோகத்தன். தீவுகளின் கிணறுகளில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று அளப்பது வேலை. அங்கே நிரந்தர இடம் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. இரண்டு மாதத்தில் அதற்கு மறுபடி நேர்முகம். இம்முறையும் தவறினால் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடியும்.

எட்டு மணிக்குப் படகு போனது. அவன் தவறவிட்ட மூன்றாவது திங்கட்கிழமைப் படகு.

படலை திறக்கும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. தொலைபேசியை எடுத்தான். அவன் ஒழுங்கானவன். தண்ணீர் குடிப்பது, தலைமயிர் வெட்டுவது, காஸ் சிலிண்டர் மாற்றுவது எல்லாவற்றுக்கும் தொலைபேசி நாட்காட்டியில் தனித்தனி நிறம் இருந்தது. ராகு காலத்துக்கு மட்டும் இருக்கவில்லை.

குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்து ஏழு நாளுக்கும் ஏழு பதிவு போட்டான். சாம்பல் நிறம். கால் மணித்தியாலம் முன்னதாக மணி அடிக்கவேண்டும். வாராவாரம் திரும்ப வரவேண்டும். முடிவுத் திகதி உண்டா என்று தொலைபேசி கேட்டது. இல்லை என்று அழுத்தினான்.

ஒரு சங்கடம் இருந்தது. அது அலுவலக நாட்காட்டி. தை மாதத்திலிருந்து நிறுவனத்தில் எல்லோருடைய நாட்காட்டியையும் எல்லோரும் பார்க்கலாம். கொழும்புப் பணிப்பாளர் முதல் யாழ்ப்பாணத்துச் சாரதி வரை ஒளிவு மறைவு இல்லை. அதை எப்படிப் பாவிப்பது என்று மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்தவனே நிலக்ஷன்தான். நேர முகாமைத்துவம் பற்றிப் பேசியவன் ராகு காலம் பார்க்கிறான் என்று தெரிந்தால் சிரிப்பார்கள். ஆகவே ஏழையும் 'தனிப்பட்டது' என்று குறித்தான். இனி மற்றவர்களுக்கு நேரம் மட்டும் தெரியும். விசயம் தெரியாது.

அடுத்த திங்கள் ஏழேகாலுக்கு மணி அடித்தது. ஏழு இருபதுக்கு வீட்டைவிட்டு இறங்கினான். படகில் இருக்கக்கூட இடம் கிடைத்தது.

அம்பிகைக்குத் திருப்தி. "எமகண்டத்தையும் போடன்" என்றாள்.

"அதையும் போட்டால் வேலை செய்ய நேரம் இராதம்மா."

பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரியும் அந்த மணியைக் கேட்டுச் சந்தைக்கு வெளிக்கிடத் தொடங்கினாள்.

வியாழக்கிழமை அரியநாயகம் தொலைபேசியில் வந்தார். அவர் யாழ்ப்பாண அலுவலகத்தின் இணைப்பாளர்.

"நிலக்ஷன், இண்டைக்கு ரெண்டு மணிக்குக் கூட்டம் எண்டு போட்டனான். போட்ட கையோட நீர் வரமாட்டீராம் எண்டு மிசின் சொல்லுது."

"ஓம் சேர். அந்த நேரம் ஒரு தனிப்பட்ட விசயம்."

"சரி, நாளைக்கு வைப்பம். பத்தரை."

"நாளைக்குப் பத்தரை ஏலாது சேர்."

"திங்கள் எட்டு மணி?"

"அதுவும் கொஞ்சம் கஸ்ரம்."

"செவ்வாய் மூண்டரை?"

அதுவும் சாம்பல் நிறத்துக்குள் விழுந்தது.

"உம்மட தனிப்பட்ட விசயம் என்ன, ஒவ்வொரு நாளும் இடம் மாறித் திரியுதோ?" என்று கேட்டுவிட்டு அரியநாயகம் வைத்தார்.

ஒரு கூட்டத்துக்குச் சம்மதம் அழுத்துவது பெரிய வேலை இல்லை. ஆனால் ராகு காலத்தில் என்ன செய்தாய் என்று மாலையில் அம்பிகை கேட்பாள். அரியநாயகத்திடம் பொய் சொல்ல அவனால் முடியும். அம்பிகையிடம் முடியாது.

அடுத்த நாள் பின்னேரம் அரியநாயகம் திரும்ப எடுத்தார். குரல் மாறியிருந்தது.

"நிலக்ஷன், நேற்றைக்குக் கொஞ்சம் கோவமாக் கதைச்சுப்போட்டன். மனதில வைக்காதையும். எனக்குத் தெரியாது பாரும்."

"என்ன சேர் தெரியாது?"

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. இப்பதான் எல்லாற்ற கலண்டரையும் வடிவாப் பாத்தனான். கூட்டத்தை உமக்குத் தோதா நாலே முக்காலுக்கு மாத்திறன். நீர் உம்மட அலுவலைப் பாரும்."

நிலக்ஷனுக்கு வெட்கமாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தான். இனி அந்த நேரத்தில் ஒருவரும் எடுத்துச் சங்கடப்படக்கூடாது என்று, ராகு காலம் தொடங்கியதும் தொலைபேசி தானாகவே ஊமையாகும்படி செய்தான். ஒன்றரை மணித்தியாலம் யார் எடுத்தாலும் பதில் இல்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அரியநாயகம் கிணறுகளைப் பார்க்க அனலைதீவுக்கு வந்தார். தம்பிராசா என்பவரின் வளவில் புதிதாக வெட்டிய கிணறு. தம்பிராசாவுக்கு இரண்டு காதும் மந்தம்; எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக் கதைப்பவர். பத்தேகாலுக்கு மணி அடித்தது. ராகு காலத்தில் புது வேலை தொடங்கக்கூடாது என்பது அம்பிகையின் சட்டம். பத்தரையானதும் நிலக்ஷன் உப்பு அளக்கும் கருவியைக் கிணற்றுக்கட்டின் மேல் வைத்துவிட்டு, "சேர், நான் கொஞ்சம் அங்காலை நிக்கிறன்" என்றான்.

"போம், போம்" என்றார் அரியநாயகம். "நாங்கள் நிண்டு பாப்பம்."

பனைகளுக்கு நடுவே போய், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லில் இருந்தான். சும்மா இருக்கக் கூச்சமாக இருந்ததால் காதில் இயர்போனைச் செருகிச் செய்தி கேட்டான். இடையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். தம்பிராசா ஏதோ கத்திக்கொண்டிருந்தார். அரியநாயகம் அவரின் கையைப் பிடித்து, வாயில் விரலை வைத்துச் சத்தம் வேண்டாம் என்று காட்டினார். பிறகு இருவரும் நுனிக்காலில் நடந்து வேலிக்கு அப்பால் போனார்கள்.

அரியநாயகம் நாகரிகமான மனிசன் என்று நிலக்ஷன் நினைத்தான். பன்னிரண்டு மணிக்கு எழும்பி வந்து கிணற்றை அளந்தான். அரியநாயகம் மத்தியானப் படகைத் தவறவிட்டிருந்தார். ஆனால் கோபிக்கவில்லை.

"எங்கட ஒபிசைப் பற்றி ஆரும் கேட்டால் நல்லதாச் சொல்லும்" என்றார்.

"ஆர் கேக்கப்போயினம் சேர்?"

"பொதுவாச் சொன்னனான்."

அதற்குப் பிறகு வேலை இலேசானது. எட்டு மாதமாகக் கேட்டுக் கிடைக்காத அலுவலக மோட்டார் சைக்கிள் ஒரு கிழமையில் வந்தது. கூட்டங்களில் தேத்தண்ணி முதலில் அவனிடம் வந்தது. லீவு கேட்டால், இரண்டு நாள் காணுமோ, இன்னும் வேணுமோ என்று கேட்டார்கள். அதே நிரந்தர இடத்துக்கு விண்ணப்பித்திருந்த மிரோஜன் ஒருநாள் அவனைத் தனியே கூப்பிட்டான்.

"மச்சான், போன மாதம் கன்ரீனில நான் ஒரு பகிடி சொன்னனான். ஞாபகம் இருக்கே?"

"எந்தப் பகிடி?"

"மறந்திட்டியோ? நல்லது. அப்பிடியே இருக்கட்டும்."

நிலக்ஷன் யோசித்துப் பார்த்தான். நேரத்தை ஒழுங்காகப் பூட்டி வைப்பவனை உலகம் மதிக்கிறது என்ற முடிவுக்கு வந்தான். வீட்டில் சொன்னான்.

"கலண்டருமில்லை, கத்தரிக்காயுமில்லை" என்றாள் அம்பிகை. "ராகு காலத்தில வெளிக்கிடாமல் விட்டாய். அவ்வளவுதான்."

நேர்முகத்துக்குப் பதினைந்து நாள் இருக்கையில் அரியநாயகம் அவனைத் தன் அறையில் கதிரையில் இருத்தினார்.

"பயப்படுறீரோ?"

"கொஞ்சம் சேர்."

"உமக்கென்ன பயம்? குழுவில நானும் இன்னும் ரெண்டு பேரும். நாங்கள் எழுதிற பேருக்குக் கொழும்பில பணிப்பாளர் மேடம் கையெழுத்து வைப்பா. நாங்கள் ஆரை எழுதுவம் எண்டு உமக்கு விளங்குதுதானே?"

"ஓம் சேர்."

"விளங்கினால் அதைச் சொல்லவேண்டிய இடத்திலயும் சொல்லிவிடும்."

நிலக்ஷன் வீட்டுக்கு வந்து அம்பிகையிடம் சொன்னான்.

நான்கு நாள் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. நேர்முகம் வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு ஐந்துக்கு. நேர முகாமைத்துவத்துக்கு இருபது புள்ளி. அதற்காக விண்ணப்பதாரிகளின் கடைசி இரண்டு மாத நாட்காட்டியைக் குழு பரிசீலிக்கும்.

"பன்னிரண்டுக்குத்தான் ராகு காலம் முடியுது. நல்ல நேரத்திலதான் வைச்சிருக்கினம்" என்றாள் அம்பிகை.

நிலக்ஷன் வேறு கணக்குப் பார்த்தான். நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம். கிழமைக்கு ஐந்து வேலை நாள். எட்டுக் கிழமை. அறுபது மணித்தியாலம் அலுவலக நேரத்தில் என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை.

பெயரை மாற்றிப் பார்த்தான். 'கிணற்றுப் பரிசோதனை' என்று போட்டான். ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கும் கிணறு வந்தது. திங்கட்கிழமை நடுக்கடலில் கிணறு வந்தது. 'வாசிப்பு' என்று போட்டான். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்தில், நிமிடம் பிசகாமல் ஒன்றரை மணித்தியாலம் வாசிப்பவனை அவனே நம்பவில்லை.

கடைசியில் அழித்தான். இது ஒன்றையா, எல்லாவற்றையுமா என்று தொலைபேசி கேட்டது. எல்லாவற்றையும் என்று அழுத்தினான். இரண்டு மாதமும் தோய்த்துப் போட்ட வேட்டிபோல வெள்ளையானது.

அடுத்த திங்கள் மணி அடிக்கவில்லை. ஏழு முப்பத்திரண்டுக்கு அம்பிகை படலைக்குக் கொழுக்கி போட்டாள். கேதீஸ்வரி சந்தைக்கு ராகு காலத்தில் போய், மரவள்ளிக்கிழங்கு வாங்கி, அது வேகாமல் போனதற்கு வேலிக்கு மேலால் நிலக்ஷனைப் பேசினாள்.

பேச்சு முடிவதற்குள் தொலைபேசி அடித்தது.

"நிலக்ஷன்" என்றார் அரியநாயகம். "உம்மட கலண்டரில அந்த நேரங்களைக் காணேல்லை."

"எடுத்திட்டன் சேர்."

"எல்லாத்தையுமோ?"

"ஓம் சேர். அது முடிஞ்சுது."

"முடிஞ்சுதோ?"

"முழுக்க முடிஞ்சுது சேர். இனி அந்தப் பக்கமே போகமாட்டன். இனி முழு நேரமும் உங்களோடதான்."

அரியநாயகம் குரலைத் தாழ்த்தினார்.

"சண்டை ஏதும்...?"

"இல்லை சேர். நானாத்தான் விட்டனான்."

"சரி" என்றார். அதில் 'பாரும்' இல்லை, 'உமக்கென்ன பயம்' இல்லை.

புதன்கிழமை மோட்டார் சைக்கிளைத் திருப்பிக் கேட்டார்கள். நெடுந்தீவுக்கு அவசரமாக ஒன்று வேணுமாம். வியாழக்கிழமைக் கூட்டத்தில் தேத்தண்ணி அவனிடம் வந்தபோது கோப்பை முடிந்திருந்தது. மிரோஜன் கன்ரீனில் பழைய பகிடியைத் திரும்பச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அது கொழும்பு மேடம் தமிழ் கதைப்பதைப் பற்றிய பகிடி. நிலக்ஷனும் சிரித்தான். அப்போது மற்றவர்கள் இன்னும் கூடச் சிரித்தார்கள்.

வேலை விட்டுப்போகும்போல இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. திருத்துவதற்கு அந்தக் கிழமை முழுவதற்கும் நாட்காட்டியை நிரப்பினான். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை எல்லாம் வேலை, எல்லாம் பகிரங்கம்.

வெள்ளிக்கிழமை. அம்பிகை அவனைப் பத்து மணிக்கே வீட்டைவிட்டு இறக்கினாள். ராகு காலம் முழுவதும் யாழ்ப்பாண அலுவலக வாசலில் மர வாங்கில் அசையாமல் இருந்தான். பன்னிரண்டு ஐந்துக்குக் கூப்பிட்டார்கள்.

அரியநாயகம் நாட்காட்டியின் அச்சுப் பிரதியைப் புரட்டினார்.

"போன ரெண்டு மாதமும் நிறைய வெறும் இடமாக் கிடக்குது. உமக்கு வேலை குறைவோ?"

"இல்லை சேர்."

"கடைசிக் கிழமை மட்டும் மூச்சுவிட இடமில்லை. இது எங்களுக்காகப் போட்டதோ?"

மற்ற இருவரும் குனிந்து எழுதினார்கள். ஏழு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்குப் பெயரை ஒட்டினார்கள். மிரோஜன்.

அவன் வீடு இருந்த வேலணைக்குத் தண்ணீர்த் தாங்கி ஏற்றிப்போன அலுவலக வாகனத்தில் அவனை ஏற்றிவிட்டார்கள். சாரதி வைத்திலிங்கம். வாகனம் பண்ணைப் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல் வற்றிக் கிடந்தது. அல்லைப்பிட்டிச் சந்தி தாண்டியதும் வைத்திலிங்கம் ஜன்னல் கண்ணாடியை உயர்த்தினார்.

"தம்பி, ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டீரே?"

"கேளுங்கோ அண்ணை."

"பணிப்பாளர் மேடத்தோட என்ன கோவம்?"

"எனக்கு அவவைத் தெரியவே தெரியாது அண்ணை. ஒருநாளும் கதைச்சதில்லை."

வைத்திலிங்கம் சிரித்தார்.

"எனக்கே ஒளிக்கிறீர்? திங்கள் ஏழரை, வெள்ளி பத்தரை எண்டு நாள் தவறாமல் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கலண்டரைப் பூட்டிப்போட்டு இருந்தனீங்கள். இப்ப ஒரு கிழமையா அவ மட்டும் தனியப் பூட்டிக்கொண்டு இருக்கிறா."