பத்தில் ஒன்றாகிப்போன கம்பெனி

கணக்கில் பட்டம் வாங்கிய ஒருத்தி, ஒரு விலைப்பட்டியலின் முதல் வரியைப் பார்த்தவள், அதற்கு அடுத்த வரியை ஏன் பார்க்கவில்லை? மூன்று வருடமாக என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். பதில் கிடைத்தபாடில்லை. (கைக்குழந்தை, தூக்கமில்லை என்று ஆரம்பத்தில் காரணம் சொல்லிப் பார்த்தேன். குழந்தை இப்போது எல்.கே.ஜி. போகிறாள். அந்தக் காரணமும் செல்லாது.)

என் கணவர் பெங்களூரில் ஒரு வெளிநாட்டு செமிகண்டக்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். செல்போனுக்கும் காருக்கும் உள்ளே இருக்கும் சிப்புகளை வடிவமைக்கிற கம்பெனி. சம்பளத்தோடு வருடா வருடம் கொஞ்சம் கம்பெனிப் பங்குகளும் கொடுப்பார்கள். நானும் பத்து மாதக் குழந்தையும் அப்போது பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் மாமனார் மாமியாரோடு இருந்தோம்.

மாமா சாகுபடி செய்துவந்த ஒன்பது மா நஞ்சை, அதாவது மூன்று ஏக்கர், அவருடையது அல்ல. அவருடைய அப்பா காலத்துக் குத்தகை. நிலத்துக்காரர் வெளியேறு என்றார்; குத்தகைக்காரர்களான இவர்கள் வரப்பில் சங்கக் கொடி நட்டார்கள்; அவர் வழக்குப் போட்டார். அதன்பிறகு தாலுகா ஆபீஸ் சுவரில் முதலமைச்சர் படம் எத்தனையோ முறை மாறியது, எங்கள் வழக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் நிலத்துக்காரர் காலமாகி, வாரிசாக ஒரே மகள் வந்தார். கும்பகோணத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஊருக்கே டீச்சரம்மா. அவர் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: "கேஸும் வேணாம், கோர்ட்டும் வேணாம். உழுறவங்களே வாங்கிக்குங்க."

மாமா அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை. வயலுக்குப் போய், நடக்கப் பழகிய நாளிலிருந்து தனக்குத் தெரிந்த வரப்பையே புதிதாகப் பார்ப்பதுபோல் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார்.

பணத்துக்கு என் கணவர் பங்குகளை விற்பதாக ஏற்பாடு. எப்போது விற்பது? அங்கேதான் அவர் வாழ்க்கையில் செய்த ஒரே தப்பைச் செய்தார். (என்னைக் கட்டிக்கொண்டதைச் சேர்த்தால் இரண்டு என்பார்.)

"நீதான கணக்கு படிச்சவ? பழைய வெலையெல்லாம் நெட்லயே இருக்கு. பாத்து, எப்ப விக்கலாம்னு சொல்லேன்."

சொன்னால் சொன்னதைச் செய்கிற பெண் நான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஓரத்தில் சிவப்பு மையில் கோடு போட்டு, ஒரு வருட விலையை வாரத்துக்கு ஒன்றாக எடுத்து எழுதினேன். இணையப் பட்டியலில் புதிய தேதி மேலேயும் பழைய தேதி கீழேயும் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. தலைகீழாக மாற்றி எழுதினேன். ஆங்கில மாதமும் ஒத்துவரவில்லை. பக்கத்திலேயே தமிழ் மாதம் குறித்தேன். மாமா சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் விசாரிப்பார்.

"ஏம்மா, இது குறுவைக்கு ஏறுமா, சம்பாவுக்கு ஏறுமா?"

"ஐப்பசில எறங்குது மாமா. தைல ஏறுது."

"அப்ப சம்பா ரகம்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படுக்கப் போவார். ஒரே ஒரு வருட விலையை வைத்துக்கொண்டு, கடல் கடந்த கம்பெனிக்கு நாங்கள் இருவரும் போகம் பிரித்துக்கொண்டிருந்தோம். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவரும் நானும் அவ்வளவு பேசிக்கொண்டது அந்த மாதங்களில்தான். அந்தப் பேச்சுக்காகவே இன்னொரு நோட்டு போடலாம் என்று தோன்றும்.

டீச்சரம்மா விலை பேச வருவதாகச் சொன்னது ஆனி மாதம். மேட்டூரில் தண்ணீர் விட்டு, எங்கள் வாய்க்காலுக்கு வந்துசேர்ந்த வாரம். அதற்கு முந்தைய மூன்று வாரமும் குழந்தைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். நோட்டைத் தொடவில்லை. அன்று காலை விலை பார்த்து, எவ்வளவு வரை போகலாம் என்று மாமாவிடம் சொல்வது என் பொறுப்பு. கணவர் தைவானுக்கு விமானத்தில் பறந்துகொண்டிருந்தார்.

டீச்சரம்மாவின் கார் வாசலில் நின்றது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவசரமாக செல்போனில் பட்டியலைத் திறந்தேன். முதல் வரி. நோட்டில் நான் கடைசியாக எழுதிய எண்ணோடு ஒப்பிட்டேன்.

பத்தில் ஒன்று.

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் பத்தில் ஒன்றுதான். என் மனக்கண்ணில் கம்பெனிக்குப் பூட்டு போட்டு, கணவர் பெட்டியோடு பாபநாசம் ஸ்டேஷனில் இறங்கி, குழந்தைக்குப் பால் பவுடர் வாங்கக் காசில்லாமல்... எல்லாம் அரை நிமிடத்துக்குள்.

கூடத்தில் டீச்சரம்மா ஒரு விலை சொல்லியிருந்தார். நியாயமான விலை. மாமா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். தலையை ஆட்டவேண்டியவள் ஓவென்று அழுதுவிட்டேன். நான் அழுததைப் பார்த்துக் குழந்தையும் அழுதது.

"என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார் டீச்சரம்மா.

"அவரு கம்பெனி போச்சு டீச்சர். வெல பத்துல ஒண்ணாயிடுச்சு."

மாமாவுக்குப் புரியவில்லை. "அது எப்புடிம்மா? வெள்ளத்துல நெல்லு முளைச்சாக்கூட மூட்டைக்கு நூறு எரநூறுதான கொறையும்? அங்க என்ன, பெருவெள்ளமா?"

டீச்சரம்மா என் நோட்டைக் கேட்டு வாங்கினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார். "கோடெல்லாம் நல்லா போட்டிருக்க. கையெழுத்தும் அழகா இருக்கு" என்றார். (அழுகைக்கு நடுவே எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.) கடைசி எண்ணையும் செல்போனில் முதல் வரியையும் ஒத்துப்பார்த்து, "ஆமா. கிட்டத்தட்ட பத்துல ஒண்ணுதான்" என்று சான்றளித்தார். அவரும் அடுத்த வரியைப் பார்க்கவில்லை. முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவர் அவர்.

மாமா எழுந்து நின்றார். "மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா. இனி எங்களால ஆவாது. நீங்க வேற ஆளு பாத்துக்குங்க."

அதைச் சொல்லும்போது அவர் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நோட்டை மூடினார். பிறகு, "எங்கப்பா உங்கப்பாவ படுத்தினது போதும்" என்றார். "மாவுக்கு இருபதாயிரம் கொறச்சுக்கறேன். ரெண்டு தவணையா குடுங்க. உக்காருங்க மொதல்ல." உள்ளே பார்த்து அத்தையிடம், "தட்டை எடுத்துட்டு வாங்கம்மா" என்றார்.

வெற்றிலை பாக்கு, பூ, முன்பணம் வைத்துத் தட்டு மாற்றினார்கள். எங்கள் பக்கத்தில் தட்டு மாற்றிவிட்டால் விலையைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் பேச்சு முறிந்ததாக அர்த்தம்.

கார் போய் அரைமணி நேரத்தில் கணவர் விமானத்திலிருந்து இறங்கிக் கூப்பிட்டார். நான் அழுதுகொண்டே ஆறுதல் சொன்னேன்: "கவலப்படாதீங்க. எதுன்னாலும் சேந்து சமாளிக்கலாம்."

"எதை?"

சொன்னேன். மறுமுனையில் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

"ஒரு பங்கைப் பத்தாப் பிரிச்சிருக்காங்கடி. ஒண்ணு வச்சிருந்தவனுக்கு இப்ப பத்து. வெலையும் பத்துல ஒண்ணு. மொத்தம் அதேதான். சொல்லப்போனா கொஞ்சம் ஏறியே இருக்கு. அப்பாகிட்ட குடு."

மாமாவிடம் அவர் விளக்கியது இரண்டே வாக்கியம். "ஒரு வேலின்னா இருபது மா. வேலிக்கு வெல சொல்லிட்டு இருந்தவன் மாவுக்கு வெல சொன்னா நெலமா கொறஞ்சுடும், அப்பா?"

மாமாவுக்கு உடனே புரிந்தது. எனக்குத்தான் பட்டியலை மறுபடி திறந்து பார்க்கவேண்டியிருந்தது. இரண்டாம் வரி, மூன்றாம் வரி, போன மாதம், போன வருடம் எல்லாவற்றையும் பத்தால் வகுத்து, புது விலையோடு ஒப்பிடத் தோதாகத் திருத்தி வைத்திருந்தார்கள். உலகத்திலேயே பழைய எண்கள் இருந்த ஒரே இடம் என் நாற்பது பக்க நோட்டு.

"காரு எங்க போயிருக்கும்?" என்றார் அத்தை.

"தாராசுரம் தாண்டியிருக்கும்" என்றார் மாமா, எழுந்திருக்காமல்.

"போன் போட்டுச் சொல்லிடுங்க."

"தட்டு மாத்தினப்புறம் வெல பேசக்கூடாதுடி."

"கொறைக்கத்தான் பேசக்கூடாது. கூட்டிக் குடுக்கக்கூடவா பேசக்கூடாது?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். நானாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், பத்திரப்பதிவன்று சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் மாமா இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகு எனக்கு வாயே வரவில்லை.

அந்த ஒன்பது மாவுக்கு இப்போது எங்கள் வீட்டில் 'பத்துல ஒண்ணு' என்று பெயர். "பத்துல ஒண்ணுக்குத் தண்ணி பாஞ்சிடுச்சா?" "பத்துல ஒண்ணுல களை மண்டிக் கெடக்கு, யாரும் அழுவலயா?" என்று அத்தை கேட்பார். என் மகளோ, எங்கள் வயல் எங்கே என்று யார் கேட்டாலும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பதிவு முடிந்த மாதம் டீச்சரம்மா போன் செய்தார். "திருவிடைமருதூர் கோயில்ல உங்க கம்பெனிக்கு அர்ச்சனை பண்ணேன்மா. ராசி நட்சத்திரம் கேட்டாங்க. உன் வீட்டுக்காரர் நட்சத்திரத்தையே சொல்லிட்டேன்" என்றார். அன்றிலிருந்து பிரதோஷம் தவறாமல் விபூதி தபாலில் வருகிறது.

போன வாரம் அவரைக் கும்பகோணத்தில் பார்க்கப் போனேன். எனக்கு மட்டும் காபி வந்தது. ஏன் என்று கேட்டேன்.

"விட்டு மூணு வருஷமாச்சும்மா. உன் நோட்டுல இருந்த அந்தக் கடைசி வெல திரும்ப வர்ற வரைக்கும் காபியத் தொடமாட்டேன்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன். எப்பம்மா வரும்?"

அந்த விலைக்கு வரவேண்டுமானால் இன்றைய விலை பல மடங்கு ஏறவேண்டும். டீச்சரம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. கும்பகோணத்துக்காரர். காபி டம்ளரை என் கையில் கொடுக்கும்போது அந்த வாசனையை ஒரு கணம் நின்று இழுத்துவிட்டுத்தான் கொடுத்தார்.

குறைத்த தொகையைத் திருப்பிக் கொடுக்க என் கணவர் தயார். அது டீச்சரம்மா மனதைப் புண்படுத்தும் என்கிறார் மாமா. இரண்டு பேரும் தப்பு, முதலில் காபி என்கிறார் அத்தை. நான் வழக்கம்போல மூன்று பேர் சொல்வதும் சரி என்கிறேன். வாசகர்களே, உங்களில் யாராவது சொல்லுங்கள்: அந்த அம்மாள் மனம் நோகாமல், சாமியின் பேரில் செய்த வேண்டுதலும் கெடாமல், அவரை மறுபடி காபி குடிக்க வைப்பது எப்படி? கொஞ்சம் சீக்கிரமாகச் சொன்னால் நல்லது.