எனக்குச் சிங்களம் தெரிந்திருந்த முக்கால் மணி நேரம்

வேலைக்கு அனுப்பிய என் சீவியில் ஒரேயொரு பொய்தான் இருந்தது. 'மொழிகள்' என்ற இடத்தில் 'சிங்களம்: சரளம்' என்று அடித்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகப் படித்தது பாதி, கம்பஸ் விடுதியில் பார்த்த சிங்கள நாடகங்கள் மீதி. அதுதான் அந்தச் சரளம். (அந்த நாடகங்களில் எல்லாரும் அழுதுகொண்டே கதைப்பார்கள். அதனால் 'என்னை விட்டுப் போகாதே' என்பதை மட்டும் நான் உண்மையிலேயே சரளமாகச் சொல்வேன்.)

சமூகவியல் பட்டத்தை எடுத்துக்கொண்டு நிந்தவூரில் இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். வாப்பா காலையில் வயலுக்குப் போகும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார். மத்தியானம் வந்து பார்க்கும்போதும் நான் அதே கதிரையில் இருப்பேன். அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. எங்கள் கரையோர ஊர்களில் ஆட்கள் ஏன் பொலிஸில் முறைப்பாடு செய்யப் போவதில்லை என்பதுதான் ஆய்வு. சீவியைப் பார்த்து என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். தலைவி நிலந்தி மெடம். அவருக்குச் சிங்களமும் இங்கிலீசும் தண்ணீர்பட்ட பாடு. தமிழில் 'வணக்கம்', 'நன்றி', 'தோசை' மூன்றும் தெரியும்.

"கூட்டத்தில் மொழிபெயர்க்க முடியும்தானே?" என்று இங்கிலீசில் கேட்டார்.

"ப்ரொப்ளமே இல்ல மெடம்," என்றேன்.

கூட்டம் கல்முனைக்குப் பக்கத்தில் ஓர் ஊர் மண்டபத்தில் நடந்தது. (ஊர்ப் பெயர் வேண்டாம். இப்போதும் அந்த வழியால் பஸ்ஸில் போகும்போது நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.) ஒரு பக்கம் பொலிஸ் பொறுப்பதிகாரியும் இரண்டு கான்ஸ்டபிள்களும். மற்றப் பக்கம் நாற்பது ஐம்பது பேர்: வயல்காரர், கடைக்காரர், மீன்பிடிக்காரர், பின்வரிசையில் பெண்கள். பொறுப்பதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அந்த நிலையத்தில் தமிழ் தெரிந்த ஒரேயொரு சார்ஜன்ட் அன்றைக்கு லீவு. நடுவில் மைக்கோடு நான். புது அபாயா, புதுச் செருப்பு. உலக சமாதானமே என் நாக்கில் தொங்குவதாக ஒரு நினைப்பு.

முதல் பத்து நிமிடம் தப்பினேன். 'எல்லாருக்கும் வணக்கம்', 'வந்ததற்கு நன்றி' எல்லாம் நாடகத்திலும் வரும். அதற்குப் பிறகு பொறுப்பதிகாரி கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு, வேகமாகக் கதைக்கத் தொடங்கினார்.

"மே பெத்தே பொல் ஹொரு கொடக் இன்னவா."

இந்தப் பக்கத்தில் தேங்காய்க் கள்ளர் கூடிப்போய்விட்டார்கள் என்கிறார் மனிசன். பொல் என்றால் தேங்காய். பஸ் நிலையக் கடைகளில் 'பொல் சம்போல'வை எத்தனை தரம் பாணோடு தின்றிருப்பேன்! ஆனால் வயிற்றுக்குத் தெரிந்தது அந்த நேரம் மூளைக்குத் தெரியவில்லை. அவர் அவசரத்தில் 'பொலிஸ்' என்பதைப் பாதியில் விழுங்கிவிட்டார் என்றே நினைத்தேன். 'ஹொரு' என்றால் கள்ளர் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்து, "இந்தப் பக்கத்துப் பொலிஸ்ல கள்ளர் கனபேர் இருக்கிறாங்க எண்டு சேர் சொல்றாரு," என்றேன்.

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருவர் கை தட்டினார். அடுத்த நொடி மண்டபமே தட்டியது.

"மாஷா அல்லாஹ்! இப்பதான் ஒரு மனிசன் உண்மையக் கதைக்கிறாரு!" என்றார் முன்வரிசையில் இருந்த கடைக்காரர்.

தேங்காய்க் களவுக்கு இவ்வளவு கைதட்டலா என்று பொறுப்பதிகாரிக்குப் பெரிய சந்தோசம். எழும்பியே விட்டார். நிலந்தி மெடத்தின் பேனா பறந்தது. ('நம்பிக்கை கட்டியெழுப்பப்படும் தருணம்' என்று எழுதினாராம். பிறகு காட்டினார்.)

"இவர்களைப் பிடிக்க உங்கள் உதவி வேண்டும்," என்றார் பொறுப்பதிகாரி. இது எனக்கு நன்றாக விளங்கியது. சரியாகவே சொன்னேன். இன்னும் பெரிய கைதட்டல்.

"உடடம நகினவா," என்றார். உச்சிக்கே ஏறுகிறார்களாம்.

"இவங்க ஏறி ஏறி, இப்ப மேல்மட்டத்துக்கே போயிட்டாங்களாம்."

"ஓம் ஓம்! அதுதான் விசயம்!" என்று நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள்.

அடுத்ததாக அவர், குரும்பாவைக்கூட விடுகிறார்கள் இல்லை என்றார். குரும்பா. எங்கள் ஊரில் குரும்பை என்போம். இளம் தேங்காய். அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் முழுக் கதையும் எனக்கு விளங்கியது. அந்த இடத்திலேயே மைக்கை வைத்துவிட்டு, "மன்னியுங்க, நான் பிழையாச் சொல்லிட்டன்," என்று சொல்லியிருந்தால் நான் நல்ல பிள்ளை. நான் என்ன செய்தேன் தெரியுமா?

"சின்னாக்களையும் விடமாட்டாங்களாம்," என்றேன்.

அப்போதுதான் நடுவரிசையில் தங்கராசா அண்ணன் எழும்பினார். பெரியநீலாவணையிலிருந்து வந்த மீன்பிடிக்காரர். கூட்டம் தொடங்கியதிலிருந்து வாயே திறக்காத மனிசன்.

"தங்கச்சி, சேர் இவ்வளவு சொன்ன பிறகு நான் சும்மா இருக்கப்படாது. ஆறு மாசத்துக்கு முந்தி லைட் இல்ல எண்டு என்ட சைக்கிளப் புடிச்சாங்க. பச்சைச் சைக்கிள். இப்ப அதில ஓடித்திரியிறது ஆரெண்டு நான் காட்டட்டா?" என்று கேட்டுவிட்டு, அனுமதிக்குக் காத்திராமல் கதவடியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற பருத்த கான்ஸ்டபிளைக் கைநீட்டிக் காட்டினார்.

பொறுப்பதிகாரி என்னைப் பார்த்தார். என்னிடம் இருந்த சிங்களமெல்லாம் ஒன்றாக ஓடிப்போய், மூன்றே மூன்று துண்டு மிஞ்சியது. "இவருடைய சைக்கிள். அந்தா அவர். கள்ளன்," என்றேன்.

அரை மணி நேரத்துக்கு மேலாகத் தேங்காய்க் கள்ளனையே கதைத்துக்கொண்டிருந்த மனிசனுக்கு வேறு என்ன விளங்கும்? மெதுவாகத் தன் கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார். "நீயா? சைக்கிளில் போய்த் தேங்காய் பிடுங்குகிறாயா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கான்ஸ்டபிளின் கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. "சேர், எனக்கு மரமே ஏறத் தெரியாது சேர்!" என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது. பாவம், அந்த உடம்பைப் பார்த்தாலே அது உண்மை என்று தெரிந்தது.

தங்கராசா அண்ணன் பயத்தில் வேர்த்துப்போய் நின்றார். என்னை நம்பி ஊர் முன்னால் பொலிஸ்காரனைக் காட்டிவிட்ட மனிசன். நாளைக்கு இவரைப் பிடித்து வைத்தால் யார் போய்ப் பேசுவது?

"போதும் புள்ள, நீங்க இரிங்க."

மருதமுனை ஹனீபா நானா. குருநாகல் பக்கம் சிங்கள ஊர்களில் இருபது வருடம் கைத்தறிச் சாரன் விற்றவர். எழும்பி, சட்டையை இழுத்துவிட்டு, அதிகாரியிடம் சிங்களத்திலும் எங்களிடம் தமிழிலுமாக மாறி மாறி நடந்ததையெல்லாம் சொன்னார். நான் சொன்ன 'மேல்மட்டம்', 'சின்னாக்கள்' உட்பட, ஒன்றையும் விடவில்லை.

நிலந்தி மெடத்தின் பேனா நின்றது. பொறுப்பதிகாரியின் காது சிவந்தது. பின்வரிசையில் ஒரு ராத்தா, "யா அல்லாஹ், அப்ப தேங்காய்க்கா இவ்வளவு நேரமும் கை தட்டின நாம?" என்றார். அவ்வளவுதான். முதலில் பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பிறகு மண்டபம் முழுக்க. கான்ஸ்டபிளும் சிரித்தார். சிரிக்காத ஆட்கள் மூன்று பேர்: பொறுப்பதிகாரி, தங்கராசா அண்ணன், நான்.

பொறுப்பதிகாரி தண்ணீர் குடித்தார். பிறகு ஹனீபா நானாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அந்தச் சைக்கிள் விசயத்தைத் திரும்ப ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கள்," என்றார். இந்த முறை சரியான ஆள் மொழிபெயர்த்தார். நிலையத்துக்குப் போன் போட்டார்கள். பச்சைச் சைக்கிள் பின்வளவில் இலக்க அட்டை கட்டியபடியே நிற்கிறதாம். கான்ஸ்டபிள் ஓடுவது அவருடைய சொந்தச் சைக்கிள். அதுவும் பச்சை. வந்து எடுத்துப் போகச் சொல்லி மூன்று கடிதம் அனுப்பியிருக்கிறார்களாம்.

"கடிதம் வந்ததுதான்," என்றார் தங்கராசா அண்ணன், தலையைச் சொறிந்துகொண்டு. "எல்லாம் சிங்களம். கோட்டுக்குக் கூப்பிடுறாங்க எண்டு பயந்து அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சி வெச்சிட்டன்."

பொறுப்பதிகாரி ஹனீபா நானா பக்கம் திரும்பினார். பிறகு, "இப்படி வாசிக்காத கடிதம் வேறு யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேட்கச் சொன்னார். முதலில் ஒரு கை எழும்பியது. பிறகு இன்னொன்று. பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முடிந்து வரும்போது ஹனீபா நானாவிடம், "நானா, முதல்லயே சொல்லியிருக்கலாம்தானே?" என்று கேட்டேன்.

"முதல் வசனத்திலயே எனக்கு விளங்கிட்டு புள்ள," என்றார். "சனம் சந்தோசமா இருந்திச்சு. அதக் கெடுக்க மனம் வரல்ல."

வேன் காரைதீவு தாண்டும்வரை நிலந்தி மெடம் தான் எழுதியதையெல்லாம் வெட்டிக்கொண்டு வந்தார். பிறகு, "இன்றைக்கு நீ சரியாக மொழிபெயர்த்த வசனம் ஏதாவது உண்டா?" என்றார். "வணக்கம் சரி மெடம்," என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. வேலையை விட்டு நிறுத்தவில்லை. அடுத்த கூட்டத்திலிருந்து ஹனீபா நானா மொழிபெயர்த்தார். நான் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினேன். ஆய்வு அறிக்கையில் இரண்டு பரிந்துரைகள் வந்தன. ஒன்று, பொலிஸ் கடிதங்கள் ஆட்களின் மொழியிலேயே போக வேண்டும். மற்றது, மொழிபெயர்ப்பாளர்களைக் களத்துக்கு அனுப்புமுன் சோதிக்க வேண்டும். இரண்டாவதற்கு ஆதாரம் எதுவும் போடவில்லை. மெடம் நல்லவர்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அன்று வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். உம்மா என் ராத்தாவிடம் சொன்னா. அதோடு எங்கள் வீட்டில் தேங்காய்க்குப் பெயரே மாறிவிட்டது. "கறிக்கு அரைப் பொலிஸ் காணும்", "இந்தப் பொலிஸ் அழுகிட்டு" என்றுதான் இன்றைக்கும் கதை. என்னைக் கலியாணம் முடித்து வந்தவரும் ஒரே வாரத்தில் பழகிவிட்டார். என் மகளுக்கோ அதுதான் தேங்காய்க்குச் சரியான பெயர் என்று நினைப்பு.

போன மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு சந்திக் கடைக்குப் போனேன். நான் பையைத் தேடிக்கொண்டிருக்க, அவள் முந்திக்கொண்டு கடைக்காரரிடம், "ரெண்டு பொலிஸ் தாங்க. நல்லா முத்தினதாப் பாத்து," என்றாள். பக்கத்தில் சீருடையோடு ஒரு சிங்களப் பொலிஸ்காரர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் அவளுடைய கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தேன்.

அவர் கோப்பையை வைத்துவிட்டு, குனிந்து, நிறுத்தி நிறுத்தி, ஆனால் ஒரு பிழையும் இல்லாத தமிழில் சொன்னார்:

"இங்க ஒரு பொலிஸ்தான் இருக்கு, மகள்."