பின்பக்கத்துச் சத்தம்

ஒரு காட்டில், மழைக்காலத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கும் ஒரு காட்டில், மாசிலாமணி என்றொரு புள்ளிமான் இருந்தது. அதற்குச் சினிமா பார்ப்பதில் விருப்பம். அதைவிட, சினிமாவைக் கேட்பதில் விருப்பம். படத்தில் ஓர் இலை உதிர்ந்தால் அது வலப்பக்கம் உதிர்ந்ததா இடப்பக்கம் உதிர்ந்ததா என்று தெரியாமல் அதற்குப் புல் இறங்காது.

புதர் வீட்டில் ஒரு ஹோம் தியேட்டர் வைக்க வேண்டும் என்று அது மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் உறுமுகிற பெரிய பெட்டி ஒன்று.

"அஞ்சு மரத்துல அஞ்சு பெட்டியைக் கட்டிட்டா நாம எங்க மேயிறது?" என்றது மனைவி வேணி. "உறுமுறதுக்குத் தனியா ஒரு பெட்டி வேற. இந்தக் காட்டுல உறுமுறதுக்கு ஏற்கனவே ஒருத்தர் இருக்காரு. பத்தாதா?"

பக்கத்துப் புதரிலிருந்த காட்டெருமையும் 'ஆட்சேபணை இல்லை' படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டது. தரை அதிர்ந்தால் கன்று பயந்து பால் குடிக்காதாம்.

ஆலமரத்தடியில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்த நரிதான் வழி சொன்னது.

"அண்ணே, சத்தம் வீட்டைச் சுத்தி வரணும்னு என்ன கட்டாயம்? தலையைச் சுத்தி வந்தாப் போதாதா?"

கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு ஹெட்போனை எடுத்தது. காதில் படுகிற இடத்தில் மெத்தென்று தோல் வைத்துத் தைத்திருந்தது. என்ன தோல் என்று மாசிலாமணி கேட்கவில்லை. மாட்டிக்கொண்டதும் பின்னால் ஆறு ஓடியது. தலைக்கு மேல் கொக்குகள் பறந்தன. மாசிலாமணி அண்ணாந்து பார்த்தது. கடையின் ஓலைக் கூரைதான் தெரிந்தது. அதன் கண் கலங்கிவிட்டது. அந்த மாதம் உதிர்ந்த தன் கொம்புகள் இரண்டையும் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது.

கொம்பு உதிர்ந்த பருவத்தில் வாங்கியதுதான் தப்பாகப் போயிற்று. தலை வெறுமையாக இருந்ததால் ஹெட்போன் பட்டை அழகாக உட்கார்ந்தது. மாசிலாமணி அதைக் கழற்றவே இல்லை. பத்து வாரத்தில் புதுக் கொம்பு வளர்ந்தது. அதன் முதல் கிளை முன்பக்கமாக வளைந்து பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"கழட்டுங்க அதை" என்றது வேணி.

"வரலை."

"நான் இழுக்கிறேன்."

"கொம்பு வலிக்குதுடி. அடுத்த வருஷம் உதிருமில்ல, அப்பக் கழட்டிக்கலாம்."

"அதுவரைக்கும் மந்தி இருமினா எப்படிக் கேட்கும்?"

மாசிலாமணி அடுத்த படத்தைப் போட்டது. அந்தக் காட்டில் மந்திகளுக்கும் மான்களுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. மந்தி மரத்திலிருந்து புலியைக் கண்டால் மூன்று முறை இருமும். மான்கள் ஓடும். பின்தங்கிய மான் புலிக்கு. காட்டுப் பஞ்சாயத்து இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தது: எச்சரிக்கை கேட்ட மானைத்தான் புலி பிடிக்கலாம். ஓடினால் கேட்டதாக அர்த்தம். ஓடாமல் நிற்கிற மானிடம் மட்டும் 'எச்சரிக்கை கேட்டேன்' என்ற படிவத்தில் குளம்புப் பதிவு வாங்க வேண்டும். அப்படி நின்ற மான் இதுவரை ஒன்றும் இல்லாததால் படிவக் கட்டு பிரிக்கப்படாமலே கிடந்தது.

ஒரு சாயங்காலம் மந்தி இருமியது. கூட்டம் ஓடியது. வேணி புருஷனை முட்டிப் பார்த்தது. படத்தில் அப்போது நல்ல மழை, மாசிலாமணி அசையவில்லை. வேணியும் ஓடியது.

புலி வந்து நின்றது. ஒரு மான் தனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருப்பதை அது தன் ஆயுளில் பார்த்ததில்லை. உறுமிப் பார்த்தது. பிறகு கொஞ்சம் வெட்கத்துடன், நகம் படாமல் முதுகில் தட்டியது.

மாசிலாமணி படத்தை நிறுத்தித் திரும்பியது. படம் ஓடாதபோது பக்கத்தில் பேசுவது மட்டும் அதன் காதில் விழும்.

"ஓடலையா?" என்றது புலி.

"எ... எதுக்குங்கய்யா?"

"மந்தி இருமிச்சே. கேட்கலை?"

"சத்தியமா இல்லைங்கய்யா."

"மூணு தடவை இருமினேன்!" என்று மேலேயிருந்து மந்தி கத்தியது. "எனக்குத் தொண்டையே கட்டிப் போச்சு!"

படிவம் வந்தது. மாசிலாமணி அதை அடிவரை படித்தது. "கேட்காததைக் கேட்டேன்னு எப்படிங்கய்யா பதிக்கிறது? பொய்ப் பதிவு செல்லாதுன்னு அடியில பொடி எழுத்துல போட்டிருக்கே."

புலி குனிந்து பார்த்தது. போட்டிருந்தது. அன்று புலி பட்டினி.

மறுநாள் காலை நரியின் கடை வாசலில் ஏழு பெண்மான்கள் வரிசையில் நின்றன. பெண்மான்களுக்குக் கொம்புத் தொந்தரவும் கிடையாது. வேணி நான்காவதாக நின்றது. எதிர்ப்பாறையிலிருந்து புலி அந்த வரிசையை ஒருமுறை எண்ணியது. பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டது. வரிசை கலைந்ததும் அது கடைக்குள் போய் நரியிடம் வெகுநேரம் பேசியது. அங்கிருந்து நேராகப் பஞ்சாயத்துக்குப் போய், 'பதிவு செய்யப்பட்ட இருமலும் இருமலே' என்று ஓர் ஆணை வாங்கி வந்தது.

இரண்டு நாள் கழித்து, புலியும் நரியும் மாசிலாமணியின் புதருக்கு வந்தன. புலி மரியாதையான தூரத்தில் படுத்துக்கொண்டது.

"பயப்படாதீங்க தம்பி. குகைக்கு ஒரு ஹோம் தியேட்டர் வாங்கப்போறேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்."

"ஹோம் தியேட்டரா? எதுக்குங்கய்யா? இது இருக்கே!"

"அதுல முன்னால வர்றது கேட்கும். பின்னால வர்றது கேட்காதாமே."

"யாரு சொன்னது?"

நரி தரையைப் பார்த்தது. "விக்கும்போது நான் சொல்லலைண்ணே. மனசு கஷ்டப்படுவீங்கன்னு."

மாசிலாமணியின் மூக்கு விடைத்தது. "போடு, சோதனைச் சத்தம் எதையாவது போடு!"

நரி போட்டது. முதலில் அருவி. மாசிலாமணி குளம்பால் நேர் முன்னால் காட்டியது. பிறகு ஒரு தேனீ. குளம்பு இடமிருந்து வலமாக அதைத் தொடர்ந்து போயிற்று. பிறகு, பின்னாலிருந்து, மூன்று இருமல்.

மாசிலாமணியின் கால்கள் தாமாக எழுந்தன. அது அவற்றை மெல்லக் கீழே வைத்தது. புல்லின் மேல் படிவமும் மைப்பெட்டியும் விரித்து வைத்திருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதற்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"பின்னால ஏதாச்சும் கேட்டுச்சா தம்பி?" என்றது புலி. "கேட்கலைன்னா தப்பே இல்லை. நான் போயி ஹோம் தியேட்டரே வாங்கிக்கிறேன்."

"கேட்கலைன்னு சொல்லுங்க!" புதருக்குள்ளிருந்து வேணி அலறியது. "உங்களைக் கும்பிடுறேன், கேட்கலைன்னு சொல்லிடுங்க!"

ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் அடுத்த மழைக்காலத்துப் புல்லைத் தின்னலாம். மாசிலாமணி வாயைத் திறந்தது. காட்டெருமையின் நினைவு வந்தது. 'ரெண்டு கொம்பையும் கொடுத்தானாம், பின்பக்கமே கேட்காதாம்' என்று அது நீர்த்துறையில் நின்று சொல்லிச் சிரிக்கும்.

"கேட்க..." என்றது மாசிலாமணி. மேற்கொண்டு வரவில்லை.

"சரி விடுங்க" என்று புலி எழுந்தது. "கொடுத்த கொம்புக்கு இவ்வளவுதான் கிடைக்கும்."

"இவ்வளவுதானா?" மாசிலாமணி துள்ளி எழுந்தது. "இடது பின்பக்கம். இருபதடி உயரம். வேங்கை மரம், இலையில இன்னும் ஈரம் காயலை. மூணு இருமல். மூணாவது இருமலுக்கு நடுவுல வாயில இருந்த எதையோ முழுங்குது. அதுவரைக்கும் கேட்குதுய்யா! எந்த ஹோம் தியேட்டர்ல வரும் இது? சொல்லுங்க பாக்கலாம்!"

"நாவல்பழம்" என்றது மேலேயிருந்த மந்தி, வியப்பு அடங்காமல். "ஆமா, நரி பதிவு பண்ணும்போது முழுங்கினேன்."

புலிகூட உண்மையாகவே அசந்துபோனதாகத்தான் தெரிந்தது.

"இதை எழுத்துல தர முடியுமா தம்பி?" என்று அது பணிவாகக் கேட்டது.

மாசிலாமணி மூன்று பிரதிகளிலும் குளம்பைப் பதித்தது. 'குறிப்புகள்' என்ற கட்டம் காலியாக இருந்ததால், யாரும் கேட்காமலே, அதில் ஐந்து நட்சத்திரமும் போட்டது.

ஒரு பிரதி பஞ்சாயத்துக்கு, ஒன்று புலிக்கு. 'இரையின் பிரதி' என்று அச்சிட்டிருந்த மூன்றாவதை, மறுநாள் பஞ்சாயத்து வாசலில் வரிசையில் நின்று வேணி வாங்கிக்கொண்டது. நட்சத்திரங்கள் இருந்த கட்டத்தை மட்டும் நரி பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டியது.

நீதி: எத்தனை கொடுத்து வாங்கிய பொருளானாலும், புலி விசாரித்தால் 'சுமார்தான்' என்று சொல்லவும்.