பவர் பத்தாத வீடு

மனித வரலாற்றின் மாபெரும் மேம்பாடுகள் யாவும் யாரோ ஒரு தனிமனிதரின் தியாகத்தில்தான் தொடங்கியிருக்கின்றன. அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவர் நம் துணை மேலாளர். அவர் தியாகம் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை.

அவருடைய மனைவி வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவர். ஒரு பல் டாக்டர், தாம் கட்டப்போகும் ஆஸ்பத்திரியை வாசலிலிருந்து உள்ளறை வரை கணினித் திரையிலேயே நடந்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். பிடித்துவிட்டால் வேலை மனைவிக்கு. இவ்வளவு பெரிய வேலை அவருக்கு அதுவரை வந்ததில்லை. வீட்டுக் கணினியோ, ஒரு கதவைத் திறக்கச் சொன்னாலே திக்கித் திணறியது.

"படம் இழுக்காம ஓடணும்னா புதுசா ஒரு கிராபிக்ஸ் கார்டு போடணுங்க. கடையில குடுத்தா மாட்டிக் குடுத்துடுவாங்க," என்றார் மனைவி.

"கடையா?" துணை மேலாளர் நெஞ்சில் கை வைத்தார். "வீட்ல ஒரு நிர்வாகி இருக்கும்போதா?"

சாப்பாட்டு மேசையில் உடனே ஆலோசனைக் கூட்டம் கூடியது. தலைமையுரை, முன்மொழிதல், வழிமொழிதல், நன்றியுரை எல்லாவற்றையும் அவரே பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டார். மனைவி தலையைக் குனிந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது 'ஒப்புதல்' என்று பதிவாயிற்று. புது கார்டின் பசிக்குப் பழைய பவர் சப்ளை தாங்காது என்பதால் அதையும் மாற்றத் தீர்மானமாயிற்று.

"எங்க போனாலும் இதே பிரச்சினைதாம்மா. பவர் பத்தலை," என்றார் ஆழ்ந்த வருத்தத்துடன். தம் பதவியைப் பற்றியும் அவர் இதையேதான் சொல்லிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பணி இனிதே தொடங்கியது. பழைய பவர் சப்ளை வயர்களோடு பிடுங்கப்பட்டு 'ஓய்வு' கொடுக்கப்பட்டது. புதியது பொறுப்பேற்றது. கார்டை அதன் இடத்தில் வைத்து அழுத்தியதில் 'டக்'கென்று சத்தம் கேட்டது. உடைந்தது எதுவென்று தேடினார். எதுவும் உடையவில்லை என்பது அவருக்கே ஆச்சரியம். கடைசியில் சில திருகாணிகள் மிஞ்சின. அவற்றை 'உபரி ஊழியர்கள்' என்று வகைப்படுத்தி ஒரு டப்பாவில் போட்டார்.

பொத்தானை அழுத்தினால் கணினி கம்மென்று இருந்தது.

"புதுசு இல்லையா? சூழ்நிலைக்குப் பழக வேண்டாமா?" என்று விளக்கினார்.

மனைவி குனிந்து, பவர் சப்ளையின் முதுகிலிருந்த சுவிட்சைத் தட்டினார். கணினிக்கு உயிர் வந்தது. துணை மேலாளர் இதை 'கூட்டு முயற்சி' என்று பாராட்டினார்.

கண்ணாடி மூடிக்குப் பின்னால் புது கார்டின் காற்றாடிகள் சுழன்றன. சிவப்பும் நீலமுமாக விளக்குகள் மாறி மாறி எரிந்தன. அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. அவருடைய அலுவலகத்திலும் வேலை நடக்கிறது என்பதற்கு இந்த இரண்டும்தான் அத்தாட்சி.

மறுநாளே மனைவி சொன்னார்: "அப்படியேதாங்க இழுக்குது."

"லைட் எரியுதா?"

"எரியுது."

"காத்தாடி சுத்துதா?"

"சுத்துது."

"அப்புறம் என்ன? இங்க பாரு, திரையில இந்த ரோஜாப்பூ எவ்வளவு துல்லியமா இருக்கு! முள்ளு குத்துது!"

"இது நாலு வருஷமா இருக்கிற படங்க."

இனி யாரும் நோண்டிவிடக் கூடாதே என்று கணினிப் பெட்டியைச் சுவரோடு சுவராகத் தள்ளி, 'அனுமதியின்றித் தொடக்கூடாது - நிர்வாகம்' என்று ஒரு காகிதமும் ஒட்டினார். குறை கணினியில் இல்லையென்றால் பார்ப்பவர் கண்ணில்தானே இருக்க வேண்டும்? மனைவியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"கண்ணு அருமையா இருக்கு. பவரே இல்லை," என்றார் கண் டாக்டர்.

"பாத்தியா? உனக்கும் பவர் இல்லையாம்!" என்று வெற்றியோடு வெளியே வந்தார்.

சொன்ன நாளில் பல் டாக்டர் வந்து உட்கார்ந்தார். திரையில் ஆஸ்பத்திரியின் வாசற்கதவு பாதி திறந்து, அப்படியே நின்றது. மனைவி மறுபடி முயன்றார். கதவு மறுபடியும் நின்றது. துணை மேலாளர் நிலைமையைச் சமாளிக்க எழுந்தார்.

"சார், அண்மையில இந்தப் பெட்டியில புது கார்டு போட்டு ஒரு தொழில்நுட்ப மேம்பாடு..."

"அது இருக்கட்டுங்க. உள்ள எப்ப போறது? எனக்குப் பேஷன்ட் காத்திருக்காங்க," என்று டாக்டர் பையை எடுத்தார்.

மனைவி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதைப் பார்த்ததும் துணை மேலாளருக்கு, இத்தனை நாளில் முதல்முறையாக, தம்மால்தானோ என்று ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. பதவிக்குப் பொருந்தாத சந்தேகம் என்று அதை விலக்கினார்.

"ஒரே நிமிஷம் டாக்டர்." மனைவி எழுந்தார். 'நிர்வாகம்' ஒட்டிய காகிதத்தைக் கிழித்தார். பெட்டியை இழுத்துத் திருப்பினார்.

திரையிலிருந்து வந்த வயர், எந்நாளும் போலப் பெட்டியின் பழைய துளையிலேயே மாட்டியிருந்தது. அது போய்ச் சேர வேண்டிய புது கார்டின் வாயில், தொழிற்சாலையில் போட்ட ரப்பர் மூடிகூடக் கழற்றப்படாமல் இருந்தது.

மனைவி கணினியை அணைத்தார். மூடியைப் பிடுங்கி, வயரை மாற்றிச் செருகி, மறுபடி போட்டார். கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. டாக்டர் வரவேற்பறையைத் தாண்டி உள்ளறைக்குப் போனார், நாற்காலியைச் சுற்றிப் பார்த்தார், ஜன்னல் வழியாக எட்டியும் பார்த்தார்.

"பிரமாதம்! நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க," என்றவர் கணினிப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "ஆமா, இவ்வளவு நாளா இந்தப் புது கார்டு என்னதான் பண்ணிட்டிருந்துச்சு?"

"லைட் போட்டுக்கிட்டு, காத்தாடி சுத்திக்கிட்டு சும்மா உக்காந்திருந்துச்சு டாக்டர். ஆனா பாவம், அதைக் குத்தம் சொல்லக் கூடாது. நான்தான் எல்லாத்தையும் செய்யறேன்னு அது ஒரு நாளும் சொல்லலை. வாயில மூடி இருந்துச்சு. இந்த வீட்ல மூடி மாட்ட வேண்டிய வாய் வேற."

சொல்லிக்கொண்டே அந்த ரப்பர் மூடியைக் கணவரின் உள்ளங்கையில் வைத்தார்.

துணை மேலாளர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கையிலிருந்த மூடியைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.