படரும் செடியும் பகல் தூக்கமும்

இனி இந்தக் கையால் புல் வெட்டுவதில்லை என்று குடோன் மேலாளர் சபதம் எடுத்தார். எடுத்த கையோடு மிச்சமிருந்த புல்லையும் வெட்டி முடித்தார். காரணம், சமையலறை ஜன்னலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

குடோனில் அவர் லேசாகச் செருமினால் லாரிகள் தாமாகப் பின்னுக்குப் போகும். வீட்டில் செருமினால், "மருந்து குடிச்சீங்களா?" என்ற அதட்டல்தான் வரும். வாரம் முழுக்க மூட்டைகளோடு மல்லுக்கட்டும் அந்த மனிதருக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஓர் ஆசை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, யாரும் தட்டி எழுப்பாமல் ஒரு தூக்கம். அதற்குக் குறுக்கே முதலில் புல் நின்றது. புல்லுக்குப் பின்னால் மின்விசிறி துடைப்பது, பரண் சாமானை இறக்குவது, இறக்கியதைப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றுவது என்று ஒரு பட்டாளமே வரிசையில் நின்றது.

நர்சரிக்காரர்தான் வழி காட்டினார். தரையோடு தரையாகப் படரும் ஒரு செடி. குட்டிக் குட்டியாக, குண்டு குண்டாக இலைகள். வெயிலுக்கு அஞ்சாது, பனிக்கும் மசியாது. வேண்டிய தண்ணீரை இலைக்குள்ளேயே பதுக்கி வைத்துக்கொள்ளும். ஒரு துண்டை ஒடித்துப் போட்டால் விழுந்த இடத்தில் வேர் விடும். மிதிக்க மட்டும் கூடாது, பட்டென்று ஒடிந்துவிடும். மற்றபடி இதை வளர்க்கவே வேண்டாம் சார், மறந்தால் போதும் என்றார் அவர். மறதியில் மேலாளர் கை தேர்ந்தவர். கல்யாண நாளையே மறந்துவிட்டு உயிரோடு இருப்பவர். அன்றைக்கே ஒரு தட்டு நாற்றோடு வீடு திரும்பினார்.

"புல்லைப் பிடுங்கிட்டு இதையா போடப்போறீங்க?" என்றாள் மனைவி.

"ஆமா. படர்ந்துட்டா பாய் விரிச்ச மாதிரி இருக்கும்."

"பாயைப் பார்த்தா உங்களுக்குப் படுக்கத் தோணுமே."

"சேச்சே! இதுக்குக் கவனிப்பு ரொம்ப ஜாஸ்தி." பொய் தானாக வாயிலிருந்து வழுக்கி விழுந்தது. விழுந்த பிறகுதான் அதன் அருமை அவருக்கே உறைத்தது. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூரா இதோடயே கிடக்கணும். களை எடுக்கணும். அழுகல் இருக்கான்னு ஒவ்வொரு இலையாப் புரட்டிப் பார்க்கணும்."

"அதுக்குப் புல்லே தேவலையே?"

"அழகு வேணும்னா பாடுபடணும்மா."

"இதை நீங்க சொல்றீங்க?"

"யாராவது சொல்லித்தானே ஆகணும்?"

"என்னமோ பண்ணுங்க. பாதியில விட்டுட்டு என்னைக் கூப்பிடக் கூடாது, ஆமா."

"உன்னைக் கிட்டவே அண்ட விடமாட்டேன்!" என்றார் மேலாளர். அன்றைய பேச்சில் அது ஒன்றுதான் சத்தியமான வார்த்தை.

செடி பிடிக்கும்வரை நிஜமாகவே முதுகு ஒடிந்தது. பிறகு அது அவரை மறந்தது, அவர் அதை மறந்தார். தோட்டத்துக் கோடியில் தட்டுமுட்டுச் சாமான் அறை ஒன்று இருந்தது. அதற்குள் மண் தரையில் ஒரு பழைய சாய்வு நாற்காலி இருந்தது. ஞாயிறு தோறும் சாப்பிட்டு முடித்ததும் தொப்பி, கையுறை, களைக்கொத்து சகிதம் போருக்குப் புறப்படுவார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். வெயில் தாழ எழுந்து, முழங்காலில் கொஞ்சம் மண்ணைத் தேய்த்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி வீட்டுக்கு வருவார். பாவம் என்று மனைவி முதுகில் தைலம் தேய்ப்பாள். தேவையான இடங்களில் அவர் முனகுவார். மனசாட்சி லேசாக உறுத்தும். தைலம் உள்ளே இறங்கியதும் அந்த வலியும் போய்விடும்.

ஒருநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"அட, இந்தச் செடியா! என் கிளினிக் வாசல்லயும் இருக்கு. வெச்சதோட சரி, திரும்பிக்கூடப் பார்க்கலை. தானா மண்டிக் கிடக்கு."

மேலாளர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். மனைவி பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அது வேற ஜாதி டாக்டர்."

"அதே இலைதான் சார்."

"இலை அதேதான். குணம் வேற. நீங்க பல்லைப் பாருங்க, நான் செடியைப் பார்த்துக்கறேன்."

டாக்டர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மனைவி தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சமையலறைப் படியிலேர்ந்து சாமான் ரூம் வரைக்கும் மட்டும் செடி நசுங்கி ஒத்தையடிப் பாதையாக் கிடக்கே?"

"அந்தப் பக்கம்தான் நோய் அதிகம்."

"மத்த இடத்துல ஒரு இலைகூட ஒடியலையே?"

"அங்கெல்லாம் நான் பதமாக் கால் வைப்பேன்."

"ம்," என்றாள் அவள்.

பல வருஷத் தாம்பத்தியத்தில் அந்த 'ம்' எத்தனை வகைப்படும் என்று மேலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நிம்மதியாகப் போய்ப் படுத்தார்.

அடுத்த ஞாயிறு. கை கழுவிவிட்டு வந்தால் ஆணியில் தொப்பியைக் காணோம். அது மனைவியின் தலையில் இருந்தது. கையுறையும் அவள் கையில் ஏறியிருந்தது.

"இன்னிக்கு நீங்க போக வேண்டாம்."

"ஏம்மா?"

"உங்க முதுகைப் பார்க்கச் சகிக்கலை. இனிமே ஞாயித்துக்கிழமை செடியை நான் பார்த்துக்கறேன். நீங்க நிழல்ல இருந்து பாத்திரத்தைத் தேய்ங்க, அடுப்பைத் துடைங்க, பரணை ஒழிங்க."

"ஐயோ, அது கஷ்டமான வேலை! உன்னால முடியாது!"

"கஷ்டம்னு தெரியும். எந்தெந்த இடத்துல கவனிக்கணும்னும் தெரியும். நேத்து ஒட்டடைக் குச்சி எடுக்கச் சாமான் ரூமுக்குப் போனேனா, உங்க செருப்புல ஒட்டிக்கிட்டு வந்த துண்டெல்லாம் சாய்வு நாற்காலிக்கு அடியில வேர் விட்டுப் படர்ந்திருக்கு. அங்கதானே கவனிப்பு ஜாஸ்தி?"

மேலாளர் வாயைத் திறந்தார். இந்தச் செடிக்கு ஒரு கவனிப்பும் வேண்டாம் என்று சொல்லலாம்தான். சொன்னால், அப்படியானால் இத்தனை ஞாயிறும் என்ன செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் பாத்திரம் தேய்க்கும் நாரைக் கையில் எடுத்தார்.

அவள் படியிறங்கினாள். ஒத்தையடிப் பாதையில் ஒரு இலையும் புதிதாக ஒடியாமல், நேராகச் சாமான் அறைக்கு நடந்தாள். ஒரு கையில் களைக்கொத்து இருந்தது. இன்னொரு கையில் அவருடைய தலையணை இருந்தது. அறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் போடும் சத்தம் சமையலறை வரை கேட்டது.

மேலாளர் அடிப்பிடித்த குக்கரைச் சுரண்டினார். அடுப்பைத் துடைத்தார். பரண் சாமானை இறக்கினார், ஏற்றினார். கண்கள் செருகின. ஜன்னலுக்கு வெளியே அந்தச் செடி, யார் தயவும் இல்லாமல் கொழுகொழுவென்று கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகையே வந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு மனைவி வந்தாள். கன்னத்தில் தலையணையின் தடம் பதிந்திருந்தது. முழங்காலில் மறக்காமல் மண்ணை அப்பியிருந்தாள். வாயைப் பொத்தி நிதானமாக ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்பப்பா, என்ன வேலை, என்ன வேலை! இத்தனை நாளும் எப்படித்தான் தனியாச் செஞ்சீங்களோ! அந்தத் தைலத்தை எடுத்துட்டு வாங்க."