முப்பத்தொரு வயதுப் புதுக் கார்

யோசேப்பு ஒல்லாந்துக்குப் போய் ஒரு கார் வாங்கினார். நாட்டின் நிர்வாக ஒழுங்குக்குக் குந்தகம் விளைவிக்கக்கூடிய எதுவும் அதில் இருப்பதாக அவருக்கு அப்போது தோன்றவில்லை.

கார் தேவைப்பட்டது அவருடைய மனைவி அன்ரனிற்றாவுக்கு. ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தின் ஒரு மூலையில் வீடு, மறுமூலையில் அவள் வேலை செய்யும் முதியோர் இல்லம். காலை வேலைக்கு அவள் புறப்படுகிற நேரத்தில் முதல் பஸ்சின் சாரதி இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். வீட்டில் இருந்த கார் பரிசோதனையில் தவறி இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. யோசேப்புக்குப் பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. கூட வேலை செய்பவர் ஒருவர் ஏற்றி இறக்குவார். அன்ரனிற்றாதான் இரண்டு மாதமாக முழங்கால் நோக நோக நடந்தாள்.

எல்லைக்கு அப்பால் வென்லோவில், கணவனை இழந்த ஒரு பெண்மணி விற்ற நீலக் கார் அது. வயது முப்பத்தொன்று. காலஞ்சென்ற கணவர் அதை ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு மட்டும் ஓட்டினார். மிச்ச ஆறு நாளும் துடைத்தார். ஆதலால் அது மொத்தமாக ஓடியது ஐயாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர்தான். யோசேப்பு நாலாயிரம் யூரோவைக் கொடுத்தார். அந்த அம்மா தேத்தண்ணி கொடுத்து, காரின் தலையைத் தடவி அழுது, வழியனுப்பி வைத்தார்.

யோசேப்பின் தெருவில் இருந்த கதிர்காமநாதன் காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருதரம் மாதத் தவணையில் பெரிய கறுப்புக் கார் மாற்றுகிறவர் அவர். அந்தக் காருக்குள் சாப்பிடக்கூடாது, சப்பாத்தோடு ஏறக்கூடாது, சத்தமாகத் தும்மவும் கூடாது.

"அண்ணை, இதுக்குக் கார் கழுவுறதை விட்டிட்டு செத்தவைக்கு அடிக்கிற முப்பத்தோராம் நாள் கல்வெட்டு அடியுங்கோ," என்றார்.

கார் பரிசோதகர் அப்படிச் சொல்லவில்லை. அடியில் படுத்துப் பார்த்துவிட்டுக் கண் கலங்க வெளியே வந்தார். "இது வெறும் கார் அல்ல. வாகனத் தொழில்நுட்பத்தின் பண்பாட்டுச் சொத்து," என்று எழுதிக் கையெழுத்திட்டார். பாட்டுப் பெட்டியைக்கூட மாற்றக்கூடாது என்றார். யோசேப்புக்கு உச்சி குளிர்ந்தது.

அடுத்த வாரம் வரி அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. தாங்கள் அண்மையில் அயல்நாட்டில் கொள்வனவு செய்த புதிய வாகனத்துக்கு விற்பனை வரி பத்தொன்பது வீதம் தாமதமின்றிச் செலுத்தப்படல் வேண்டும் என்றிருந்தது. வேறு யாருடையதோ கடிதம் தவறி வந்துவிட்டது என்று நினைத்த யோசேப்பு, அதைத் திருப்பிக் கொடுக்க டெர்மின் என்ற சந்திப்பு நேரம் எடுத்துக்கொண்டு போனார்.

மேசைக்கு அந்தப் பக்கம் கோவால்ஸ்கி என்ற அம்மையார் இருந்தார். நல்ல மனுசி. கிண்ணத்தில் இனிப்பு வைத்திருந்தார்.

"இது முப்பத்தொரு வயசுக் கார்," என்றார் யோசேப்பு.

"வயதை நான் மறுக்கவில்லை. ஆறு மாதம் கடந்திருக்க வேண்டும், கடந்திருக்கிறது. ஆறாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடியும் இருக்க வேண்டும், ஓடவில்லை. இரண்டும் கூடினால்தான் பழைய வாகனம். ஒன்று குறைந்தாலும் புதியது."

"கதவு ரப்பரெல்லாம் வெடிச்சுப் போச்சு."

"புதிய வாகனத்திலும் குறைகள் இருக்கலாம். விற்றவரிடம் முறையிடுங்கள்."

"பரிசோதகர் இதைப் பண்பாட்டுச் சொத்து எண்டு எழுதித் தந்திருக்கிறார்."

"அவருடைய அலுவலகத்தில் அது பழையது. இங்கே புதியது. இரண்டு அலுவலகத்துக்கும் இடையில் எந்த முரண்பாடும் கிடையாது. நாங்கள் பேசிக்கொள்வதில்லை."

"அப்ப றோட்டிலை அது என்ன?"

"றோட்டு எங்கள் பிரிவு அல்ல."

யோசேப்பு யோசித்தார். "அந்த மனுசன் இன்னும் ரெண்டு மூண்டு வருசம் உயிரோடை இருந்து கோயிலுக்குப் போயிருந்தால்?"

"பழையதாகியிருக்கும். ஆனால் மரணத்தை ஒரு நியாயமான காரணமாகச் சட்டம் ஏற்பதில்லை," என்று அம்மையார் அனுதாபத்தோடு சொல்லி, ஒரு இனிப்பை நீட்டினார்.

இனிப்பை வாயில் போட்ட பிறகு யோசேப்புக்கு ஒரு ரோசம் வந்தது. "சரி, கட்டுறன். ஆனா இது புதுக் கார்தான் எண்டு முத்திரை குத்தி ஒரு கடுதாசி தாங்கோ."

கோவால்ஸ்கி அம்மையார் நெகிழ்ந்துபோனார். அவருடைய சேவைக் காலத்தில் மேலதிகமாக ஒரு கடுதாசி கேட்டு வந்த முதல் குடிமகன் இவர்தான். இரண்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

தமிழ்க் கடை வாசலில் கறுப்புக் காரில் சாய்ந்துகொண்டு நின்ற கதிர்காமநாதன், யோசேப்பைக் கண்டதும் கல்வெட்டு அடிச்சாச்சோ என்று கேட்டார். யோசேப்பு கடுதாசியை நீட்டினார். கதிர்காமநாதன் இரண்டுதரம் வாசித்தார். முகம் வெளிறிவிட்டது.

"அப்ப என்ரை கார்?"

"எத்தினை வயசு?"

"ஒண்டரை வருசம்."

"எவ்வளவு ஓடியிருக்கு?"

"நாப்பதாயிரம்."

யோசேப்பு அவருடைய தோளில் மெதுவாகக் கைவைத்தார். "பழசு."

செய்தி ஊரெல்லாம் பரவியது. கடைக்காரர் விற்கிறது புது வண்டியா, அரசாங்கம் முத்திரை குத்தினது புது வண்டியா என்று கலியாண வீடுகளில் விவாதம் நடந்தது. முத்திரைதான் வென்றது. கதிர்காமநாதன் கறுப்புக் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெல்ஜியம் போய், மாட்டுக் கொட்டிலில் இருபது வருடம் நின்ற சிவப்புக் கார் ஒன்றைக் கண்டுபிடித்து வந்தார். அவரைப் பார்த்து இன்னும் பலர் எல்லை தாண்டினார்கள். ஓடாத கார்களின் விலை ஏறியது. வரி அலுவலக வாசலில் தமிழர்கள் பட்டுடுத்து வரிசையில் நின்று, "எங்களுக்கும் வரி போடுங்கோ," என்று கேட்டார்கள். மேலதிகாரி ஒருவர் மண்டபம் எடுத்து, இந்தச் சமூகத்தின் வரியுணர்வு ஒருங்கிணைப்புக்கு ஓர் ஒளிவிளக்கு என்று பேசி, யோசேப்புக்குப் பூச்செண்டு கொடுத்தார்.

பூச்செண்டோடு வீட்டுக்கு வந்த யோசேப்பு காரைக் கராஜுக்குள் விட்டு, உறை போட்டு மூடினார்.

"இனி இதை ஓட்ட ஏலாது. ஆறாயிரம் தாண்டினால் பழசாப் போயிடும்," என்றார்.

"ஓட்டத்தானே வாங்கினது?" என்றாள் அன்ரனிற்றா.

"வாங்கேக்கை அது பழசு எண்டெல்லோ நினைச்சம். இப்ப புதுசு. புதுசைப் போட்டு அடிக்கிறதே?"

அன்ரனிற்றா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, நான் பாத்துக்கொள்ளுறன்," என்றாள். யோசேப்பு அவளுடைய பொறுமையை எல்லோரிடமும் மெச்சிக்கொண்டார்.

மற்ற வீடுகளிலும் உறைகள் ஏறின. ஞாயிற்றுக்கிழமைகளில் உறையைக் கழற்றுவார்கள், துடைப்பார்கள், பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள், மூடுவார்கள்.

இப்படி ஒரு வருடம் போனது. இந்தச் சமூகத்தைத் தேசிய முன்மாதிரியாக ஆராய விரும்பிய வரி அலுவலகம் ஒரு கேள்வி அனுப்பியது: தங்கள் புதிய வாகனம் வரி கட்டிய நாளில் இருந்து எவ்வளவு ஓடியுள்ளது? ஆண்கள் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி ஒரே பதிலை எழுதினார்கள். ஒரு மீற்றர்கூட ஓடவில்லை.

அலுவலகம் ஆழமாக ஆராய்ந்து முடிவுக்கு வந்தது. ஓடுவது வாகனம். ஓடாததும் ஓடும் எண்ணம் இல்லாததும் மேசை, அலுமாரி போன்ற தளபாடம். தளபாடத்துக்கு இந்த வரி பொருந்தாது. ஆகவே பணம் திருப்பித் தரப்படும். தளபாடத்துக்கு இலக்கத்தகடும் பொருந்தாது; ஆகவே தகடுகளைக் கழற்றி ஒப்படைக்கவும்.

யோசேப்புக்கு இரவு வேலையில் மா குழைக்கக் கை வரவில்லை. மறுநாள் ரை கட்டிக்கொண்டு கதிர்காமநாதனோடு அலுவலகத்துக்கு ஓடினார். அன்றைக்கு லீவில் நின்ற அன்ரனிற்றாவும், கதிர்காமநாதனின் மனைவி தேவமலரும் நாங்களும் வாறம் என்று பின்னால் வந்தார்கள்.

"காசு வேண்டாம். வரியை நீங்களே வைச்சிருங்கோ," என்று கெஞ்சினார் யோசேப்பு.

"ஒரு மீற்றர்கூட ஓடவில்லை என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்," என்றார் கோவால்ஸ்கி அம்மையார் கவலையோடு. "எழுதியதை நான் எப்படி நம்பாமல் இருப்பது?"

"அது பிழை," என்றாள் அன்ரனிற்றா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கைப்பையில் இருந்து கார்த் திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள். "நான் ஒவ்வொரு நாளும் அந்தக் காரிலைதான் வேலைக்குப் போறன். இவர் இரவு வேலையாலை வர முதல் எடுத்து, கராஜைப் பூட்டிவிடுவன். மத்தியானம் நான் வரேக்கை இவர் நித்திரை. உறையைப் போட்டு மூடிவிடுவன். பதினோராயிரத்துக்குக் கிட்ட வந்திட்டுது."

யோசேப்பு கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"அநியாயம்!" என்று கதிர்காமநாதன் அவருக்காகக் கொதித்தார். அப்போது தேவமலர் தன்னுடைய திறப்பையும் எடுத்து மேசையில் வைத்தாள். "சந்தைக்கும் நீச்சல் வகுப்புக்கும்தான்," என்றாள். "மற்ற அக்காமாரும் வெளியிலை நிக்கினம். கூப்பிடட்டோ?"

கோவால்ஸ்கி அம்மையார் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு ஞாயிறும் துடைத்தவர்கள், எவ்வளவு ஓடியிருக்கிறது என்று ஒருதரம்கூட எட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்டார்.

"எங்கை பாக்கிறது? இவையளும் உங்களை மாதிரித்தான். கடுதாசியைத்தான் பாப்பினம்," என்றாள் அன்ரனிற்றா.

அம்மையார் பேனாவை எடுத்தார். முடிவை மாற்றி எழுதினார். ஓடியபடியால் அது வாகனம், வரி நிலைக்கும், தகடும் நிலைக்கும். ஆனால் ஓடவில்லை என்று அரசுக்குப் பொய் எழுதிய ஆண்கள் அனைவருக்கும் தண்டப்பணம். மறக்காமல் ஆளுக்கொரு இனிப்பும் கொடுத்தார்.

வாசலில் யோசேப்பு நின்றுவிட்டார். "அப்ப எங்கடை கார் இப்ப புதுசோ, பழசோ?"

"அது அங்கை நிக்குது. அதிலைதான் நாங்கள் வந்தது," என்றாள் அன்ரனிற்றா, திறப்பை அவருடைய கையில் வைத்து. "பெற்றோல் இல்லை. அடிச்சுக்கொண்டு வாங்கோ."