கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறவும்

அடித்தது, பாய்ஜான். வந்தவர்கள் எல்லோருக்கும் ஷாக் அடித்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது மஸ்கட்டிலிருந்து விமானம் ஏறிவிடுவீர்கள்.

இனி முறைப்படி. அன்புள்ள மொஹ்சின் பாய்ஜானுக்குத் தங்கை நூரைனின் சலாம். இங்கே அப்பா, அம்மி, நான், மலை, குரங்குகள் அனைவரும் நலம். அங்கே உங்கள் நலமும், வளர்ப்பதாகச் சொன்ன தாடியின் நலமும் அறிய ஆவல்.

பெண் வீட்டார் வந்துபோனதைப் பற்றி அம்மி போனில் சொன்னது ஒரே வரி: "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது." அது பொய்யில்லை. ஆனால் அந்த வரிக்குள் ஒரு மின்வேலி இருக்கிறது.

நம் மொட்டை மாடி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். கீழே அப்பாவின் மெத்தைக் கடை. நடுவில் ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு விடும் அறைகள். அதற்கு மேல் நாம். நமக்கு மேல் குரங்குகள். பத்துப் பேரை உட்காரவைக்க மாடியை விட்டால் வேறு இடமில்லை. போன முறை உங்களுக்குப் பெண் பேச வேலூரிலிருந்து ரூக்ஸாரின் பெரியப்பா வந்தபோது ஒரு குரங்கு அவர் தோளில் அமர்ந்து, நிதானமாக, அவருடைய தொப்பியை எடுத்துக்கொண்டு போனது. அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து பேச்சே இல்லை. மூன்று வருடமாக "வேலூர்ல மழையா?" என்று மட்டுமே விசாரிக்கும் உங்களுக்கு, அந்த மௌனம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த வேலி மிஷினை வாங்கி அனுப்பினீர்கள்.

நல்ல மிஷின். சின்னப் பெட்டி. நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று கம்பியில் ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. கண் இமைப்பதற்குள் துடிப்பு முடிந்துவிடுகிறது. தொட்டவருக்குக் கை உதறும், உயிர் போகாது. கையேட்டை நான் முழுவதும் படித்தேன். இலக்கியம் படித்த நான் ஒரு புத்தகத்தை அடிக்கோடிட்டு, இரண்டு முறை, நம்பிக்கையோடு படித்தது அதுதான். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுக்கவே கூடாது. எர்த் கம்பியைத் தனியாக மண்ணில் இறக்க வேண்டும். பெட்டியோடு வந்த மஞ்சள் எச்சரிக்கைப் பலகையை மாட்ட வேண்டும். அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். கம்பி மேல் எதுவும் படக்கூடாது, முக்கியமாக ஈரமான எதுவும். வேறு இரும்போடு சேரக்கூடாது. நெஞ்சில் இதயக் கருவி பொருத்தியவர்கள் கிட்டவே வரக்கூடாது. எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, மெத்தை வாங்க வந்தவர்களிடம் இப்படிச் சுருக்கினார்:

"கரண்டு கம்மி, பயம் ஜாஸ்தி. அவ்ளோதான் மேட்டர்."

குரங்குகள் ஒருமுறை தொட்டன. பிறகு பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வரிசையாக உட்கார்ந்து, நன்றி கெட்டவர்களைப் பார்ப்பதுபோல் நம்மைப் பார்த்தன.

குரங்குத் தொல்லை தீர்ந்தது என்று அப்பா மறுபடி அழைக்க, அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டார்கள். அன்று காலை நானே மிஷினை அணைத்தேன். விருந்தாளிகள் போகும்வரை போடக் கூடாது என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததை நிறுத்தி நிறுத்திச் சொல்ல முடியாது. அம்மி மாடியை மூன்று வாளித் தண்ணீர் விட்டுப் தெருப்பக்கப் படிக்கட்டு வரைக்கும் கழுவினார், கழுவி முடிப்பதற்குள் எதிரே பூக்கடை வைத்திருக்கும் ஆராயி அக்கா சாமந்தி மாலையோடு வந்தார், "இன்னா நூரைனு, கல்யாணக் களையே இல்லியே"ன்னு சொல்லிக்கிட்டே, இழுத்துக் கட்டின கம்பி தோதான உசரத்துல இருக்கேன்னு மாலையை அது மேலயே போட்டு, மீதியை மாடிப்படியோட இரும்புக் கைப்பிடில கீழ்வரைக்கும் சுத்தி, வாடாம இருக்க ஒரு சொம்புத் தண்ணியையும் தெளிச்சுட்டுப் போயிட்டார். அந்த நேரத்தில் நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பிரியாணி தேக்சா மாடிக்கு ஏறியது. தொட்டியில் இருந்த குரங்குகள் எழுந்து நின்றன. அப்பா பார்த்தார். பெரியப்பாவின் தொப்பி அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டார்.

ஆக, ஈரத் தரை, ஈர மாலை, இரும்புக் கைப்பிடி. கையேடு வேண்டாம் என்றதையெல்லாம் நாங்கள் விருந்துக்காகச் செய்து வைத்திருந்தோம். வந்தவர்கள் இன்னொன்றைச் சேர்த்தார்கள். மரியாதையாகச் செருப்பைத் தெருவிலேயே விட்டார்கள். எங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணமும் செருப்புதான். நாங்கள் ரப்பர் செருப்பில் இருந்தோம்.

ஐந்து பேர். முதலில் ரூக்ஸாரின் அப்பா. கைப்பிடியைப் பிடித்தார். டிக்.

"மாஷா அல்லாஹ்!" என்றார், தோள் குலுங்க.

அப்பாவுக்குப் பெருமை தாளவில்லை. "இன்னும் மேல வாங்க, மலை முழுசாத் தெரியும்."

அடுத்து பெரியப்பா. டிக். "சுப்ஹானல்லாஹ்!"

ரூக்ஸாரின் அத்தை ஏறினார். டிக். "யா அல்லாஹ்!" என்று கத்தியவர், எல்லோரும் திரும்பிப் பார்க்கவும், "இன்னா காத்து, இன்னா காத்து!" என்றார். இலை அசையவில்லை. பின்னால் வந்த மாமாக்கள் இருவருக்கும் அதே டிக், அதே புகழ்.

ஒருவரும் கையை எடுக்கவில்லை, பாய்ஜான். எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். சம்பந்தம் பேச வந்த வீட்டில் முதல் நிமிடத்திலேயே குறை சொல்வதா? ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் ஏதோ நரம்புக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, இறைவனைப் புகழ்ந்தபடி ஏறி வந்தார்கள்.

நான் தட்டோடு மேலே நின்றிருந்தேன். வீட்டில் இவ்வளவு பக்தி ஒரே சீராக ஒலித்து நான் கேட்டதில்லை. நொடிக்கு ஒன்று. அப்போதுதான் உறைத்தது. கையேட்டின் கடைசிப் பக்கம் கண் முன் வந்தது. தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் கத்தினேன்:

"உங்கள்ல யாருக்காவது நெஞ்சுல மெஷின் வெச்சிருக்கா?"

ஏறிய கால்கள் அந்தந்தப் படியிலேயே நின்றன. குரங்குகள்கூட அசையவில்லை.

ரூக்ஸாரின் அப்பா முகம் சுருங்கியது. "எங்க பரம்பரையிலயே அந்த மாதிரி சீக்கு எதுவும் கெடயாதும்மா."

"இன்னாங்க இது?" என்றார் அத்தை. "சலாம் சொல்றதுக்கு முன்னாடி ஹார்ட்டு ரிப்போர்ட் கேக்கறாங்க. அப்பறம் சுகர் டெஸ்டா?"

பெரியப்பா தொப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியைப் பார்த்தார். இறங்கப் போகிறார் என்று தெரிந்தது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் உங்கள் மூன்று வருட மழையும் நின்றுபோனது.

அப்போது ரூக்ஸார் படியேறி வந்தாள். பெண் வரும் வழக்கம் இல்லைதான். ஆனால் அந்த வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தது அவளுக்கு மட்டும். காரிலேயே இருப்பதாகத்தான் ஏற்பாடு. கால்களில் ஷூ. கழுவிய தரையில் அந்த ஷூவை அம்மி பார்த்தார், குறித்துக்கொண்டார். "அப்பா, கண்ணாடிய விட்டுட்டு வந்துட்டீங்க" என்று ஒரு பெட்டியை நீட்டினாள். அவர் திறந்துகூடப் பார்க்காமல் பையில் போட்டார். அவள் கைப்பிடியில் ஒரு கை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள்.

"அங்கிள், கைப்பிடில ஷாக் அடிக்குது. மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணுங்க."

நான் ஓடிப்போய் அணைத்தேன். திரும்பி வருவதற்குள் மாடியில் கூச்சம் உடைந்துவிட்டது.

"எனக்கும் அடிச்சுது!"

"உனக்குமா? எனக்கு மூணு வாட்டி!"

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நீங்க சுப்ஹானல்லான்னீங்களே, பெரியவரு ரசிக்கறீங்கன்னு நெனச்சேன்!"

அப்பா மட்டும் ரப்பர் செருப்போடு கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, "எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்று நின்றார். அத்தை சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். என் கேள்விக்கு நான் விளக்கம் சொன்னதும் ரூக்ஸாரின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வேளை, எல்லாருக்கும் ஒரிஜினல் நெஞ்சுதான்" என்றார். மிஷின் நின்றது தெரிந்து ஒரு குரங்கு வந்து மாலையில் பாதியை அறுத்துக்கொண்டு போனது. பெரியப்பா தொப்பியைக் கழற்றி மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அவர்கள் போனதும் அம்மி தீர்ப்பு சொன்னார்: "அஞ்சு பேரு ஏறுனாங்க. ஒருத்தர் வாய தொறக்கல. இந்தப் பொண்ணு பட்டுன்னு உள்ளத சொல்லிடுச்சு. மனசுல ஒண்ணு வெச்சு வெளிய ஒண்ணு பேசத் தெரியாத பொண்ணு. இதான் நம்ம வீட்டுக்கு வேணும்." ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பக்ரீத் கழிந்து தேதி. லீவு சொல்லிவிடுங்கள். அப்பாவின் துஆ, அம்மியின் துஆ, கொஞ்சம் பிரியாணி மணம், மூன்றையும் இதில் வைத்திருக்கிறேன். பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நூரைன்.

பி.கு.: இதை எழுதி முடித்தபோது ரூக்ஸார் போன் செய்தாள். "நூரைன், ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்லமாட்டியே? எனக்கு ஷாக்கே அடிக்கல. ஷூ போட்டிருந்தேன்ல. கீழ கார்ல இருந்து பாத்தேன், ஒவ்வொருத்தரா ஆடறாங்க, ஒருத்தரும் சொல்லல. யாராவது சொல்லணும்ல?" கண்ணாடி? "அப்பா கண்ணாடி அப்பா பாக்கெட்லதான் இருந்துது. நான் குடுத்தது காலிப் பெட்டி."

அம்மியிடம் சொல்லவில்லை. மாடிக்குப் போனேன். சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். கம்பியைக் கழற்றிச் சுருட்டி, மிஷினோடு உங்கள் அலமாரியில் வைத்தேன். மஞ்சள் எச்சரிக்கைப் பலகையை மட்டும், ரூக்ஸாருக்குச் சாட்சியாக, கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தேன்.